வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

சாட்சி சொன்னதை எழுதி முடித்ததும், அதை அவருக்கு விளங்கும் மொழியில் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ வாங்க வேண்டும்.

நான் நீதிமன்றத்தில், எங்கள் ஊர் வாயில் சொன்னால் கோட்டில், எழுத்து வேலைக்கு லிகிதராகச் சேர்ந்தபோது முதலில் மனப்பாடமான விதி இது. இதற்கு ஒரு தனி அழகு உண்டு. சாட்சி படித்தவராக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. புத்திசாலியாக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. காது இருந்தால் போதும்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கோட்டுக் கூரையின் ஒழுக்கைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் எழுதப்போவது ஒரு துளி மழையும் இல்லாத நாளைப் பற்றி.

திருகோணமலைக் கடற்படைத் தளமான டொக்யாட்டிலிருந்து வெள்ளைக்காரர் கொடியை இறக்கிக்கொண்டு போன காலத்தை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை. துறைமுகப் பக்கத்து யன்னல்களால் தார் மணமும் கருவாட்டு மணமும் முறை வைத்து வந்துகொண்டிருந்தன. சாட்சிக் கூண்டில் திரேசா நின்றாள். தனக்கு முன் வந்தவர்கள் செய்ததையெல்லாம் பார்த்து வைத்திருந்து அப்படியே செய்தாள். கம்பியைப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றியபோது தன் தலையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

வழக்கு இதுதான்: அவளுடைய நான்கு வயது மகள் பிலோமினா தாயிடம் இருப்பதா, இறந்துபோன தகப்பனின் தமக்கை அருளம்மாவிடம் போவதா?

திரேசாவைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறவர்கள் "விளக்கம் குறைவு" என்பார்கள். மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுதத் தேவையில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. மணிக்கூடு பார்க்கத் தெரியாது. இடது வலது பிடிபடாது. அதனால்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள் என்று அவள் இருந்த பாலையூற்றில் பகிடி பண்ணுவார்கள். டொக்யாட்டில் இரும்பு வேலை செய்த அவள் புருஷன் இதெல்லாம் தெரிந்துதான் அவளைக் கட்டினான். காய்ச்சல் வந்து அவன் போனபின், தெரிந்து கட்டியவன் ஒருவன் இருந்தான் என்பதே ஊருக்கு மறந்துபோனது.

அருளம்மா கெட்டவளல்ல. கெட்டவர்களின் வழக்குகளை எழுதுவது சுகமான வேலை, இது அப்படியல்ல. அவளுக்குப் பிள்ளையில்லை. பிலோமினாவின் முகம் செத்த தம்பியின் முகம். புருஷன் அரசாங்க உத்தியோகத்தர். உள்துறைமுகத்தைப் பார்த்த வீடு, மின்சார வெளிச்சம், அலுமாரி நிறையப் பிள்ளைக்கென்று தைத்த சட்டைகள்.

அவள் வைத்த பெரிய குற்றச்சாட்டு, திரேசா ஒருநாள் பிள்ளையோடு பிழையான பஸ்ஸில் ஏறிச் சீனன்குடாவில் இறங்கி, விமானத் தளத்துக் காவற்காரன் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அதே பஸ்ஸில் நானும் பிழையாக ஏறி அதே இடத்தில் இறங்கியிருக்கிறேன். எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. என் பிள்ளைகளையும் யாரும் கேட்கவில்லை.

முதலியாரின் தமிழ்

கோட்டு மொழிபெயர்ப்பாளரை அந்தக் காலத்தில் முதலியார் என்போம். அது உத்தியோகப் பெயர். எங்கள் முதலியார் கொழும்பில் பிறந்து சென்னையில் தமிழ் படித்துப் பண்டிதரானவர். தமிழில் கரைகண்டவர். கேடு அங்கேதான் தொடங்கியது.

சாட்சி வாயைத் திறந்ததும் அவர் மனதுக்குள் முதலில் அதைத் திருத்துவார். கொச்சையைச் செந்தமிழாக்கி, செந்தமிழை ஆங்கிலமாக்கி நீதிபதிக்குக் கொடுப்பார். நீதிபதி ஆங்கிலத்திலேயே கனவு காணும் கனவான். அவருக்குப் போய்ச் சேர்வது இரண்டு முறை சலவை செய்த துணி.

ஒருமுறை கிண்ணியாவிலிருந்து ஒரு மீன் வியாபாரி முறைப்பாட்டோடு வந்தார். "முதலாளி எனக்குப் பேசினவர், ஐயா. சந்தையிலை எல்லாருக்கும் முன்னாலை வைச்சுப் பேசினவர்" என்றார். எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சும்மா பேசுவதற்குக் 'கதைக்கிறது' என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். முதலியாருக்கு அது தெரியாது. "எதிரி இவரோடு சந்தையில் உரையாடினாராம்" என்று மொழிபெயர்த்தார். உரையாடுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீதிபதி கேட்டார். வழக்குத் தள்ளுபடியானது.

வெளியே விறாந்தையில் அந்த மனிதரை என்ன நடந்தது என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்ல? இப்ப நீதவானும் எனக்குப் பேசிப்போட்டார்" என்றார்.

காகமும் கப்பலும்

திரேசாவிடம் முதலியார் கேட்டார்: "குழந்தைக்கு எவ்வாறு உணவளிக்கிறாய்?"

"அவள் லேசிலை வாய் திறக்கமாட்டாள், ஐயா. பேய்க்காட்டித் தீத்திப்போட்டுத்தான் நான் சாப்பிடுறனான்."

தூரத்து வாசகர்களுக்காக: பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது, பிள்ளைகள் விஷயத்தில் செல்லமாக ஏமாற்றுவது. தீத்துவது என்றால் சோறு ஊட்டுவது. திருகோணமலையில் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் சொல்லக்கூடிய வசனம்.

முதலியார் ஒரு கணம் யோசித்தார். 'தீத்தி' என்பதன் திருந்திய வடிவம் அவருக்குக் கிடைத்துவிட்டது: தீர்த்து. பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இது: "பிள்ளைக்குப் பேயைக் காட்டுவேன். தீர்த்துவிடுவேன். அதன் பின்னரே நான் உணவருந்துவேன்."

நீதிபதியின் பேனா நின்றது. தீர்க்கப்பட்ட பிள்ளை அப்போது முன் வாங்கில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வேறொரு தாய் சொல்லியிருந்தால் இது நடக்காத காரியம், எங்கோ பிழை இருக்கிறது என்று அந்த இரண்டு படித்த மனிதரும் நிச்சயம் நினைத்திருப்பார்கள். சொன்னவள் திரேசா. ஆகவே எல்லாம் பொருந்தியது.

"எந்தப் பேய் என்று கேளும்" என்றார் நீதிபதி.

"எந்தப் பேயைக் காட்டுவாய்?"

திரேசா குழம்பிப்போனாள். "பேயோ? பேயொண்டும் இல்லை, ஐயா. சில நேரம் காகம். சில நேரம் கப்பல்."

"அந்தப் பேய் சில வேளை காகமாகவும் சில வேளை கப்பலாகவும் வருமாம்" என்றார் முதலியார், ஆங்கிலத்தில், மிகுந்த கவலையோடு.

ஆங்கிலம் தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டறிந்த திரேசாவின் பக்கத்து வளவுக்காரி ஞானம் எழும்பி, "அது பேயில்லை ஐயா, பேய்க்காட்டிறது" என்று கத்தினாள். பொலிஸ்காரர் அவளை வெளியே கொண்டுபோனார். கோட்டில் குறுக்கே கதைப்பது குற்றம். லிகிதர் கேட்கப்படாமல் வாய் திறப்பது அதைவிடக் குற்றம். என்னை யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டிய முதலியார் தாளை மடித்தார்.

"அறிவு மட்டானவளுக்கு வாசித்து ஆவதென்ன? விரலைப் பிடியும்."

திரேசா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனீங்கள். எனக்கு ஏன் காட்டேல்லை?"

"உனக்கு விளங்காது, அம்மா."

"நான் சொன்னதுதானே. எனக்கு விளங்காதோ?"

முதலியார் மைப்பெட்டியைத் திறந்தார். விரலடையாளம் பதிந்தது. பிற்பகல் கட்டளை வந்தது. பிள்ளை மாமி அருளம்மாவிடம். தாய் ஞாயிறு பூசைக்குப் பிறகு பார்க்கலாம்.

ஞாயிறு என்றால் ஞாயிறு

திங்கட்கிழமை திரேசா எங்கள் அலுவலகத்துக்கு, கந்தோருக்கு, வந்து வாங்கில் உட்கார்ந்தாள். "வாசிச்சுக் காட்டுங்கோ, ஐயா."

எனக்கு இரக்கம் பொங்கியது என்று எழுதினால் என்னோடு வேலை செய்தவர்கள் நம்பமாட்டார்கள். விதி மீறப்பட்டிருந்தது. அது என்னை உறுத்தியது. கோப்பை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தேன்.

"ஆர் சொன்னது உது?"

"நீ சொன்னது எண்டுதான் எழுதிக் கிடக்கு."

"பிள்ளையைத் தீர்த்துப்போட்டால் நான் பிறகு ஆருக்குத் தீத்திறது?"

இதைவிடச் சுருக்கமான மேன்முறையீட்டை நான் என் சேவைக் காலத்தில் கண்டதில்லை. அவள் சொல்லச் சொல்ல ஒரு விண்ணப்பம் எழுதினேன். வாசித்துக் காட்டி, விரலடையாளம் வாங்கி, கொழும்பில் உரிய மேலிடத்துக்கு அனுப்பினேன். பதில் வர எத்தனை நாளாகும் என்று கேட்டாள். கெதியில், அதாவது சீக்கிரம், வரும் என்றேன். அது கந்தோர் வழக்கு. அகராதிப் பொருளில் எடுக்கக்கூடாது.

இதற்கிடையில் பிலோமினா டவுனில், அருளம்மா வீட்டில், சாப்பிட மறுத்தாள். பாலையூற்றில் தாய் செய்த தந்திரம் மிக எளிது. எங்கேயாவது கப்பல் ஊதினால், "கேக்குதோ, உன்ரை சோத்தைக் கேக்கிறான், குடுக்கட்டோ?" என்பாள். "குடுக்காதை" என்று சொல்லப் பிள்ளை வாயைத் திறக்கும். சோறு உள்ளே போய்விடும். அருளம்மாவின் யன்னலுக்கு நேரே துறைமுகம் நிறையக் கப்பல் நின்றது. அவள் காட்டினாள், பிள்ளை பார்த்தது, வாய் திறக்கவில்லை.

இரண்டாம் கிழமை அருளம்மா என் மேசைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஐயா, கோட்டு ஓடரிலை ஞாயிறு எண்டு இருக்கு. திங்களும் காட்டினால் பிழையோ?"

"திரேசா ஞாயிறு பார்க்கலாம் எண்டுதான் இருக்கு, அம்மா. மற்ற நாளிலை நீங்கள் அவவுக்குக் காட்டக்கூடாது எண்டு இல்லை."

அடுத்த நாள் மதியமே திரேசா செருப்பைக் கையில் பிடித்தபடி டவுனுக்கு நடந்து வந்தாள். சில மாதத்தில் நடை குறைய வேண்டுமென்று அருளம்மா பிள்ளையைப் பாலையூற்றுக்குக் கூட்டிப்போனாள். பிறகு பின்னேரம் வரை விட்டுவிட்டு வந்தாள். பிறகு விடியும் வரை. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில் பாலையூற்றுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமே வசதி என்றானது. சட்டப்படி பிள்ளை டவுனில் வாழ்ந்தது. சோற்றின்படி பாலையூற்றில்.

அகராதியில் இல்லாத சொல்

கொழும்பு சும்மா இருக்கவில்லை. முதலில், விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். பிறகு அரசகரும மொழியான சிங்களத்தில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பிறகு, 'பேய்க்காட்டு' என்ற வினைச்சொல் தம்மிடமுள்ள அகராதியில் இல்லை, அப்படி ஒரு சொல் அப்பகுதியில் வழங்குவதாக மாவட்டத்தில் தகுதிபெற்ற தமிழறிஞர் ஒருவரின் அத்தாட்சி தேவை என்றார்கள். தகுதிபெற்றோர் பட்டியலில் ஒரே பெயர் இருந்தது.

முதலியார் அப்போது ஓய்வு பெற்று, எங்கள் ஊரிலேயே வீடெடுத்து இருந்தார். கதிரையில் சாய்ந்தபடி நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இச்சொல் இலக்கியத்தில் இல்லை" என்றார்.

"ஊரிலை இருக்கு, ஐயா."

"ஊரில் பல இருக்கும். நான் கேட்டறியாத ஒன்றுக்கு எப்படி ஒப்பமிடுவது?"

நான் எழும்பப் போனேன். அப்போது குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. அந்த அம்மாவும் கொழும்புதான்; ஆனால் இத்தனை வருடமாகச் சந்தைக்குப் போய்வந்தவர்.

"இஞ்சருங்கோ, இந்த மீனை ஆரிட்டை வாங்கினீங்கள்? கண்ணெல்லாம் உள்ளுக்குப் போட்டுது. உங்களை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டான்."

முதலியார் கூரையைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்தேன்.

"பேனா இருக்கிறதா?" என்று கேட்டார்.

அத்தாட்சியில் அவர் ஒரு வரி கூடுதலாகவும் எழுதினார்: இச்சொல்லைத் தாம் நேரில் கேட்டிருப்பதாக. கண்ணியமான மனிதர். யாரைப் பற்றிச் சொல்லக் கேட்டார் என்பதை எழுதவில்லை.

காரில் இடம்

பதில் வருமுன் அருளம்மாவின் புருஷனுக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது.

அருளம்மா எதையும் முறைப்படி செய்பவள். பிள்ளையை எடுக்கப் போகும்போது கோட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும் என்று, வாடகைக்குப் பிடித்த ஏ-40 காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு பாலையூற்றுக்கு வந்தாள். கட்டளையின் பிரதி கைப்பைக்குள் இருந்தது.

"திரேசா, பிள்ளையின்ரை உடுப்பை எடுத்து வை. கொழும்புக்குப் போறம்."

"எப்ப வருவியள், மச்சாள்?"

"மாற்றமல்லோ. நாலைஞ்சு வருசம் ஆகும்."

திரேசா உள்ளே போனாள். அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தோம். சட்டி பானைச் சத்தம்தான் வந்தது. இரண்டு மூட்டையோடு வெளியே வந்தாள். பிள்ளையைக் காரின் பின் இருக்கையில் ஏற்றி, ஒரு மூட்டையை அதன் மடியில் வைத்தாள். மற்றதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"இறங்கு, திரேசா."

"இல்லை, மச்சாள்."

"ஓடர் பிள்ளைக்குத்தான்."

திரேசா யன்னலால் என்னைப் பார்த்தாள். "ஐயா, பிள்ளை மாமியோடை இருக்கவேணும் எண்டுதானே எழுதியிருக்கு? நான் மச்சாளோடை இருக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கோ? வாசிச்சுக் காட்டுங்கோ."

அருளம்மாவிடம் பிரதியை வாங்கி, நடு வளவில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுக்கு விளங்கும் தமிழில் வாசித்தேன். அப்படி ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"அப்ப சரி" என்று திரேசா கதவைச் சாத்தினாள். முதல் தரம் பூட்டவில்லை. திறந்து இன்னொரு தரம் சாத்தினாள்.

வேலிக்கு அங்கால் ஞானம் நின்றாள். "அருளக்கா, குவாட்டர்சிலை குசினி பெரிசோ? உவ சட்டி எரிக்கிறவ எண்டு நீங்கள்தானே கோட்டிலை சத்தியம் பண்ணினனீங்கள். பாத்துக்கொள்ளுங்கோ."

"நீ உன்ரை வேலையைப் பார்."

"அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்ப் பீடி பற்றவைத்தான். காருக்குள் வெக்கை ஏறியது. திரேசா சேலைத் தலைப்பால் பிள்ளைக்கு விசிறினாள். பிறகு, முன் இருக்கையில் இருந்த மச்சாளுக்கும் விசிறினாள்.

அருளம்மா இறங்கினாள். காரின் கூரையில் கையை வைத்தபடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கனநேரம் நின்றாள். கூரை நல்ல சூடு, கையை எடுக்கவில்லை.

"ஒரு வருசம் வைச்சிரு" என்றாள் கடைசியில். "வந்து எடுப்பன். ஓடர் என்னட்டைத்தான் இருக்கு."

பதில்

அடுத்த வருடம் அவள் வரவில்லை. நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, கொழும்பிலிருந்து சட்டை வந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் வந்தது. அளவு எப்போதும் சரியாக இருந்தது.

ஆனாலும் கட்டளை உயிரோடுதான் இருந்தது. தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் திரேசா பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வாசற்படியில் இருப்பாள். பக்கத்தில், அன்று காரில் மடியில் வைத்திருந்த அந்த மூட்டை இருக்கும். அவள் அதைப் பல வருடம் அவிழ்க்கவில்லை. கோயிலிலோ சந்தையிலோ என்னைக் கண்டால் ஒரே கேள்வி: "பதில் வந்ததோ, ஐயா?" நான் நினைவூட்டல் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் எழுதினேன். கொழும்பில் மொழிகளும் திணைக்களங்களும் மாறின. கோப்பு மட்டும் அதே தூசியோடு இருந்திருக்க வேண்டும்.

பிலோமினா படித்தாள். தாய்க்கு மணிக்கூடு பார்க்கப் பழக்க முயன்று தோற்றாள். மன்னாரில் ஆசிரியராக இருந்த ஒரு பெடியனுக்குக் கலியாணம் பேசி வந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் இல்லை என்பதால் அவசர அவசரமாக நடத்தினார்கள். அருளம்மா கொழும்பிலிருந்து வந்து தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பிலோமினா மன்னாருக்குப் போனாள்.

அதன் பிறகு அந்தக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருந்தபடியால் கோட்டிலிருந்து என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன். திரேசா வளவு கூட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் விபூதி.

முழுவதும் வாசித்தேன். வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படாதது முறைகேடு, மொழிபெயர்ப்புப் பிழையானது, கட்டளை நீக்கப்படுகிறது, பிள்ளையைத் தாமதமின்றித் தாயிடம் ஒப்படைக்க வேண்டும்.

"பிள்ளையை எனக்குத் தரச் சொல்லியிருக்கோ?"

"ஓம்."

"உடனையோ?"

"தாமதமின்றி எண்டு போட்டிருக்கு."

"அப்ப மன்னாருக்கு ஆள் அனுப்புங்கோ, ஐயா. பொலிசோடை."

நான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினேன். கலியாணம் முடித்தவளைப் பிள்ளையாகக் கொள்ள முடியாது. அவள் தன் விருப்பத்தோடு போனவள். மேலும் மன்னார் வேறு நீதி நிருவாக எல்லை. இந்த மூன்றாவது காரணத்தில் நான் நின்றபோது திரேசா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிறுத்தினேன்.

"ஐயாவும் நம்பிப்போட்டீங்கள்" என்றாள்.

வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் விளக்குமாற்றை எடுத்து, கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டத் தொடங்கினாள்.

பதில் வந்த திகதி, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். பிலோமினா பஸ் ஏறியது அதற்கு முதல்நாள்.